ஒரு குத்தி குறைந்த சுருள்

என் கணவர் மன்னாருக்கும் இலுப்பைக்கடவைக்கும் இடையில் ஓடும் தனியார் பஸ் ஒன்றில் கொண்டக்டர். மிச்சக் காசு கொடுக்காவிட்டால் சனம் சண்டைக்கு வரும் என்பதால், இடைக்கிடை மன்னார் டவுனில் உள்ள வங்கிக்குப் போய்ச் சில்லறை மாற்றிக்கொண்டு வருவார். பத்து ரூபாய் நாணயக் குத்திகள், சுருளுக்கு ஐம்பது. தடித்த கடதாசியில் இறுக்கிச் சுற்றி இரண்டு முனையையும் மடித்திருப்பார்கள். அவருக்கு அது தொழிலுக்கான சாமான், அவ்வளவுதான். நான் அந்தச் சுருள்கள் பஸ் ஏறுவதற்கு முன்னரே அவற்றைப் பிரித்து, ஒவ்வொரு குத்தியாகப் புரட்டிப் பார்த்து, எனக்கு வேண்டியதை எடுத்து, எடுத்ததற்குப் பதிலாக வேறொன்று வைத்து, மறுபடி சுற்றிக் கொடுப்பேன்.

இந்தப் பழக்கம் ஒரு கள்ளக்காசில் தொடங்கியது. கள்ளக்காசு என்று அவர்தான் சொன்னார். ஒருநாள் பையைக் கொட்டி எண்ணும்போது ஒரு குத்தியை எடுத்து மேசையில் போட்டு, "உதை ஆரோ என்ர தலையில கட்டிப்போட்டினம்" என்றார். எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் நேராக இருந்தது. திருப்பினால் மறுபக்கத்தில் இலக்கம் சரிந்து கிடந்தது. போனில் படம் எடுத்து, குத்தி சேர்ப்பவர்களின் குழு ஒன்றில் போட்டேன். அது கள்ளக்காசு இல்லை, அச்சுப் பிழை என்று சொல்லி, குருநாகலில் இருந்து ஒருவர் விலை கேட்டார். அந்தக் காசில் ஒரு சீலை எடுத்தேன். அதற்குப் பிறகு சில்லறையைச் சில்லறையாகப் பார்க்க எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

பிழைக் குத்திகள் அரிதாகத்தான் அகப்படும். ஒரு காலத்தில் அரசாங்கம் நாட்டின் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு பத்து ரூபாய்க் குத்தி வெளியிட்டிருந்தது. நான் அதையும் சேர்த்தேன். பதுளை வந்தது, மாத்தறை வந்தது, மொனராகலை இரண்டு தரம் வந்தது. மன்னார் மட்டும் வரவில்லை. மன்னாரில் இருந்துகொண்டு மன்னார்க் குத்தியைத் தேடுகிறேன் என்று கணவர் பஸ்ஸில் ஏறுகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

இதைப் பொழுதுபோக்கு என்று மற்றவர்கள் சொல்வார்கள். எனக்குப் பொழுது அப்படிச் சுகமாகப் போனதில்லை. நான் இயல்பிலேயே பயந்தவள். சுருளைப் பிரிக்கும்போது உள்ளங்கை வேர்க்கும். பார்த்து முடித்துச் சுற்றிக் கொடுத்த பிறகு அதைவிட மோசம். கடைசிச் சுருளை அவசரத்தில் சரியாகப் பார்க்கவில்லையோ, நல்ல குத்தி ஒன்று என் விரலுக்குள்ளால் போய் ஆரோ ஒருவருடைய மிச்சக் காசாகிவிட்டதோ என்று அன்று முழுவதும் மனம் அரிக்கும்.

எங்கள் வீடு அடம்பனில். அதே வளவில், பின்பக்கத்து வீட்டில் என் மச்சாள் இருக்கிறாள், கணவரின் தங்கச்சி. கணவரின் குடும்பம் சண்டைக் காலத்தில் வள்ளம் ஏறி இந்தியாவுக்குப் போய், அங்கே முகாமில் நெடுங்காலம் இருந்து திரும்பி வந்தது. மச்சாள் அங்கேயே பிறந்தவள். இங்கே வந்து இவ்வளவு காலமாகியும் அவளுடைய பேச்சில் அந்த ஊர் போகவில்லை. அவளுடைய புருசன் கட்டாரில் வேலை செய்கிறான். அவள் தையல் ஆலைக்குப் போகிறாள். காலையில் ஆலை பஸ் வருவதற்கு முன்னர் குழந்தையை என்னிடம் தந்துவிட்டுப் போவாள். ஒரு வயது தாண்டிச் சில மாதங்களான பெண் பிள்ளை. எனக்குப் பிள்ளைகள் இல்லை. பிள்ளையைத் தரும்போது மச்சாள் நிறையச் சொல்லமாட்டாள். ஆனால் என் குத்திகளைக் கண்டால் மட்டும், "இதெல்லாம் தூக்கி மேல வைங்க அண்ணி, பாப்பா எதையாச்சும் வாயில போட்டுரும்" என்பாள். ஓம் ஓம் என்று நானும் தலையாட்டுவேன். குழந்தை நித்திரையானால்தான் சுருள்களை எடுப்பேன்.

அன்று காலையில் இருந்தே பிள்ளை சரியில்லை. வாயிலிருந்து வீணி வடிந்துகொண்டேயிருந்தது. இரண்டு மேல்சட்டை மாற்றிவிட்டேன். பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் ஊறவைத்துக் கொடுத்தால் வாயில் வைத்துவிட்டுத் துப்பியது. பல்லு முளைக்கிற காலம், பல்முரசு கடிக்குதாக்கும் என்று நினைத்தேன். சிணுங்கிச் சிணுங்கி ஒருவழியாகப் பாயில் படுத்து நித்திரையாகிவிட்டது.

முதல்நாள் கணவர் கொண்டுவந்த சுருள்கள் அலுமாரியில் இருந்தன. எடுத்து வந்து, பிள்ளை படுத்திருந்த பாயிலிருந்து தள்ளி, நிலத்தில் துவாயை விரித்து உட்கார்ந்தேன். குத்தி நிறுப்பதற்கு வாங்கிய சின்னத் தராசும் பக்கத்தில் இருந்தது. முதல் இரண்டு சுருளிலும் ஒன்றும் இல்லை. மூன்றாவதில் ஏறத்தாழ நடுப்பகுதிக்கு வந்தபோது, மன்னார் என்ற எழுத்தைக் கண்டேன்.

சத்தம் போடவில்லை. எழுந்து, சமையலறை யன்னலடிக்குப் போனேன். அங்கேதான் படம் எடுக்க வெளிச்சம் நல்லது. குத்தியை யன்னல் கட்டையில் வைத்து, திருப்பி வைத்து, மறுபடி எடுத்தேன். குழுவில் போட்டேன். உடனேயே ஒருவர் பெருவிரலை உயர்த்தினார். இன்னொருவர் மாற்றுக் குத்தி தருவதாக எழுதினார். பதில் எழுதிக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒரு பால் பொங்குகிற நேரம் இருக்கும்.

திரும்பி வந்தபோது பிள்ளை துவாயின் நடுவில் இருந்தது. இரண்டு கையாலும் குத்திகளை அளைந்துகொண்டிருந்தது. வாய் ஈரம்.

வாயைத் திறந்து விரலை விட்டுத் துழாவினேன். ஒன்றும் இல்லை. பிள்ளை கத்தியது. இடுப்பில் வைத்துக்கொண்டே மற்றக் கையால் குத்திகளைப் பத்துப் பத்தாக அடுக்கினேன். முதல் இரண்டு சுருளும் சுற்றியபடி கிடந்தன. பிரித்திருந்தது மூன்றாவது மட்டுமே. நாற்பத்தொன்பது வந்தது. யன்னலில் வைத்திருந்த மன்னார்க் குத்தியை நினைத்துக்கொண்டு எனக்கு மூச்சு வந்தது. பிறகுதான் அது என் உள்ளங்கைக்குள் இருந்ததும், அதையும் சேர்த்தே எண்ணியதும் தெரிந்தது. மறுபடி எண்ணினேன். துவாயை உதறினேன். பாயைத் தூக்கினேன். பிள்ளையின் சட்டையைக் கழற்றி, பம்பர்ஸைக் கழற்றிப் பார்த்தேன். அலுமாரிக்குக் கீழே தும்புத்தடியை விட்டு இழுத்தேன். ஒரு பென்சில் வந்தது.

எங்கள் பத்து ரூபாய்க் குத்தி வட்டம் இல்லை. பதினொரு பக்கம், பதினொரு மூலை. அந்த மூலைகளை நான் எத்தனையோ தரம் விரலால் தடவிப் பார்த்திருக்கிறேன். இப்போது அவை ஒரு குழந்தையின் தொண்டைக்குள் இருக்கின்றன. கொஞ்சம் தண்ணீர் பருக்கிப் பார்த்தேன். ஒரு மிடறு உள்ளே போன மாதிரி இருந்து, அப்படியே திரும்பி வந்தது.

கணவருக்குப் போன் எடுத்தேன். மணி அடித்து நின்றது. சனம் நிறைந்த பஸ்ஸில் அவருக்குப் போன் கேட்பதில்லை. பக்கத்து வளவில் ஓட்டோ ஓடுகிற அண்ணை இருந்தார். வேலிக்கு மேலால் கூப்பிட்டேன்.

"அண்ணை, பிள்ளை காசு விழுங்கிப்போட்டுது. ஆஸ்பத்திரிக்குப் போகவேணும்."

அவர் சாப்பிட்ட கையோடு வந்தார். "மூச்சு வருதோ?"

"மூச்சு வருது. தண்ணி இறங்குதில்லை."

"இஞ்ச காட்டினாலும் எக்ஸ்ரேக்கு மன்னாருக்குத்தான் விடுவினம். நேர மன்னாருக்கே போவம். ஏறுங்கோ."

வீட்டைப் பூட்டவும் இல்லை. பிள்ளையை நிமிர்த்தி நெஞ்சோடு பிடித்தபடி இருந்தேன். பள்ளத்தில் விழுந்தால் குத்தி இன்னும் ஆழமாகப் போய்விடுமோ, அல்லது மூச்சுக்குழலுக்குள் மாறிவிடுமோ என்று ஒவ்வொரு குலுக்கத்துக்கும் பயந்தேன். கடலுக்கு நடுவால் போகும் தாம்போதியில் ஏறியதும் இரண்டு பக்கமும் காற்று அடித்தது. பிள்ளை காற்றுக்குக் கண்ணை மூடியது. கண்ணை மூடிய உடனே நான் அதன் கன்னத்தைத் தட்டினேன். திறந்து பார்த்து அழுதது. அழுகை கேட்டால் நிம்மதி. அதனால் பாலம் முடியும் வரைக்கும் அந்தப் பிள்ளையை நித்திரை கொள்ள விடாமல் அழவைத்துக்கொண்டே போனேன்.

மன்னார் ஆஸ்பத்திரியில் உடனே உள்ளே எடுத்தார்கள். எக்ஸ்ரே அறையில் என்னைத்தான் பிள்ளையின் கையைப் பிடிக்கச் சொன்னார்கள். படம் வந்ததும் இளம் டொக்டர் ஒருவர் திரையைப் பார்த்தார். சிங்களவர். தமிழ் மெதுவாக, சொல்லுச் சொல்லாகப் பேசினார். கழுத்தெலும்புக்குச் சற்றுக் கீழே, வெள்ளையாக, தெளிவாக ஒன்று நின்றது.

அதுவரைக்கும் எனக்கு ஒரு மூலையில் நம்பிக்கை இருந்தது. வங்கியில் சுற்றும்போதே குறைந்திருக்கலாம் என்று. படத்தைக் கண்டதும் அதுவும் போனது.

"என்ன காசு அம்மா?" என்று டொக்டர் கேட்டார்.

"பத்து ரூபா."

அவர் தன் பொக்கற்றில் இருந்து ஒரு பத்து ரூபாயை எடுத்து, திரைக்குப் பக்கத்தில் பிடித்தார்.

"இது வட்டம்," என்றார் திரையைக் காட்டி. "சின்னது. பத்து ரூபா மாதிரி இல்ல."

நானும் பார்த்தேன். அவர் சொன்னது சரி. திரையில் இருந்தது நல்ல வட்டம், ஒரு மூலையும் இல்லை. இவ்வளவு காலம் குத்தி பார்த்த கண் எனக்கு, ஆனால் அந்த வெள்ளையைக் கண்ட பயத்தில் அதன் வடிவத்தை நான் கவனிக்கவே இல்லை.

"வீட்டில பட்டரி இருக்கா? காசு மாதிரி, சின்ன வட்டப் பட்டரி? விளையாட்டுச் சாமான், ரிமோட்?"

பக்கத்தில் நின்ற நேர்ஸ் எனக்கு விளங்கப்படுத்தினா. காசு என்றால் அவகாசம் இருக்கிறதாம். பட்டரி என்றால் உள்ளே சுட்டுப் புண்ணாக்கிவிடுமாம், ஒரு நிமிசமும் வைத்திருக்கக்கூடாதாம். படத்தைப் பார்த்தால் பட்டரி மாதிரித் தெரியவில்லை, ஆனாலும் என்ன விழுங்கியது என்று தெரியாமல் இருக்கும்போது பக்கவாட்டிலும் ஒரு படம் எடுக்கவேண்டும் என்றா.

அப்போதுதான் என் தராசு நினைவுக்கு வந்தது. குத்தி நிறுக்கிற அந்தச் சின்னத் தராசுக்கு வட்டப் பட்டரிதான் போடுவது. அதன் பின்மூடி உடைந்துபோய், நான் செலோரேப் போட்டு ஒட்டி வைத்திருந்தேன். துவாயில், பிள்ளையின் கைக்கு எட்டுகிற இடத்தில்தான் அது கிடந்தது.

ஓட்டோ அண்ணையின் மனைவிக்குப் போன் எடுத்தேன். எங்கள் வீடு திறந்துதான் கிடக்கிறது, உள்ளே போய்த் தராசை எடுத்துப் பின்பக்கம் பட்டரி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கோ என்றேன். அவ வயலில் நின்றா. "இப்ப ஓடிப்போறன்" என்றா. போனை வைத்த கையோடு கணவரின் அழைப்பு வந்தது.

நடந்ததைச் சொன்னேன். மறுபக்கத்தில் பஸ் இரைந்துகொண்டிருந்தது.

"எந்தச் சுருள்?" என்று கேட்டார்.

"நேற்றுக் கொண்டந்தது. மூண்டாவது. ஒண்டு குறையுது."

"அது நான் எடுத்தனான். பஸ் ஸ்டாண்டில தேத்தண்ணிக்குப் பத்து ரூபா காணாமல் இருந்தது. முனையைப் பிரிச்சு ஒண்டை எடுத்துப்போட்டு மடிச்சு வச்சனான். அப்ப பிள்ளை ஒண்டும் விழுங்கேல்லைத்தானே?"

"படத்தில இருக்கு."

"என்ன இருக்கு?"

"தெரியேல்லை."

பஸ்ஸில் யாரோ இறக்கம் என்று தட்டுகிற சத்தம் கேட்டது.

மச்சாளுக்குச் சொல்லவேண்டியிருந்தது. ஆலைக்குள் போன் வைத்திருக்க விடமாட்டார்கள். கந்தோர் இலக்கத்துக்கு எடுத்து, பிள்ளைக்குச் சுகமில்லை, மன்னார் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லுங்கோ என்று மட்டும் சொன்னேன். அவள் வரும் வரையில் இரண்டு திசையில் இருந்து எனக்குப் பயம். வாசலைப் பார்ப்பேன், போனைப் பார்ப்பேன். பக்கவாட்டுப் படம் எடுக்கப் பிள்ளையைத் திரும்பக் கொண்டுபோனார்கள்.

மச்சாள் ஆலை உடுப்போடு ஓடிவந்தாள். தோளில் நூல் ஒட்டியிருந்தது.

"என்னாச்சு அண்ணி? பாப்பா எங்க?"

சொன்னேன். குத்திகளைப் பரப்பியதையும், யன்னலடிக்குப் போனதையும் சொன்னேன். பட்டரியைச் சொல்லும்போது அவள் என் கையைத் தட்டிவிட்டாள்.

"எத்தன தடவ சொன்னேன். மேல வைங்க, மேல வைங்கன்னு எத்தன தடவ சொன்னேன். உங்க காசுப் பைத்தியத்துக்கு எம் புள்ளதான் கிடைச்சுதா?"

வாங்குகளில் காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் இன்னும் என்னவெல்லாமோ சொன்னாள். எனக்குப் பிள்ளை இருந்தால் தெரிந்திருக்கும் என்றும் சொன்னாள். அது காதில் விழுந்தது, ஆனால் அந்த நேரத்தில் அதற்கு நோகவும் என்னிடம் இடம் இருக்கவில்லை.

டொக்டர் இரண்டாவது படத்தோடு வந்தார். "பட்டரி இல்ல என்றுதான் நினைக்கிறேன். காசு மாதிரித்தான். ஆனா எந்தக் காசு?" என்று, தாய் வந்துவிட்டாள் என்று தெரிந்ததும் அவளைப் பார்த்துக் கேட்டார். தன் விரல்களால் அளவு காட்டினார். "இவ்வளவு. வட்டம்."

மச்சாள் அந்த விரல்களைப் பார்த்தாள். பிறகு தன் கைப்பையைத் திறந்தாள். சின்னப் பர்ஸை எடுத்து, சிப்பை இழுத்து, மடியில் கொட்டினாள். எங்கள் ஊர்க் குத்திகள் சில, ஒரு ஊசி, பஸ் ரிக்கற். அவற்றை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

"இந்தியா ஒரு ரூவா ஒண்ணு இருந்துச்சு," என்றாள். குரல் இறங்கியிருந்தது. "ரொம்ப நாளா அடியில கிடக்கும். காலையில தலை வாரும்போது அழுதுக்கிட்டே இருந்தா. நான்தான் பர்ஸைக் கையில கொடுத்தேன். சிப்பு திறந்திருந்திருக்கு. ஆட்டி ஆட்டி விளையாடினா. பஸ் ஹாரன் அடிச்சுச்சு, வாங்கி மூடிப் பையில போட்டுக்கிட்டு அப்படியே தூக்கிட்டு வந்து உங்ககிட்ட கொடுத்துட்டேன்."

காலையில் இருந்து வடிந்த வீணியும், துப்பிய பிஸ்கட்டும் அப்போதுதான் எனக்கு விளங்கின. என் துவாய்க்கு வருவதற்கு முன்னரே பிள்ளையின் தொண்டையில் அது இருந்திருக்கிறது. எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அதை மறைக்க விரும்பவில்லை. நான் இல்லை, நான் இல்லை என்று மனம் சொல்லிக்கொண்டது. பக்கத்தில் மச்சாள் வாயைக் கையால் பொத்திக்கொண்டு இருந்ததைப் பார்த்த பிறகுதான் அந்த நிம்மதி நின்றது.

போன் அடித்தது. ஓட்டோ அண்ணையின் மனைவி. "பட்டரி உள்ளுக்க கிடக்கு. செலோரேப் கழறேல்லை" என்றா. மூச்சிரைத்துக்கொண்டே பேசினா.

டொக்டரிடம் சொன்னோம். அவர் தலையாட்டி எழுதிக்கொண்டார். குத்தி மேலே நிற்பதால், வாய்வழியாகக் குழாய் விட்டு எடுக்கவேண்டி வரலாம், அதற்கு யாழ்ப்பாணத்துக்கு அனுப்புகிறோம் என்றார். அதுவரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணீரும் கொடுக்கக்கூடாது. தாய்ப்பாலும் கூடாது.

அம்புலன்ஸில் மச்சாள் பிள்ளையை மடியில் வைத்திருந்தாள், நான் பக்கத்தில். வந்த வழியே தாம்போதியைத் தாண்டி, அடம்பனுக்குத் திரும்புகிற சந்தியைத் தாண்டி, வடக்கே கரையோர வீதியில் போனோம். பிள்ளைக்குப் பசியும் தாகமும். தாயின் சட்டையைப் பிடித்து இழுத்து, முகத்தை நெஞ்சுக்குள் புதைத்துத் தேடியது. மச்சாள் அதன் கையை விலக்கிக்கொண்டே இருந்தாள். ஒரு கட்டத்தில் அவளால் முடியவில்லை.

"அண்ணி, நீங்க வச்சுக்குங்க. எங்கிட்ட இருந்தா பால் வாசம் வரும்."

வாங்கினேன். பிள்ளை என்னிடம் வந்து அழுதது, பிறகு தாயைப் பார்த்து அழுதது. மச்சாள் யன்னல் பக்கம் திரும்பி இருந்தாள். யாரிடமும் சொல்லாத ஒன்று என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. கணவர் அந்தத் தேத்தண்ணி குடிக்காமல் இருந்திருந்தால் சுருளில் ஐம்பதும் சரியாக இருந்திருக்கும். நான் எண்ணிப்பார்த்து, நல்லகாலம் என்று துவாயைச் சுருட்டியிருப்பேன். பல்லு முளைக்குது என்று சொல்லிக்கொண்டு பொழுது படும்வரை பிள்ளைக்குப் பாணும் சோறும் திணித்திருப்பேன். அதை நினைத்து நன்றி சொல்ல வேண்டும். எனக்கு வந்ததோ இன்னொரு பயம்.

யாழ்ப்பாணம் போகிறோம் என்று போனில் சொல்லியிருந்ததால், இலுப்பைக்கடவையில் கணவர் வீதியோரம் நின்றார். ரிக்கற் பையை டிரைவரிடம் கொடுத்துவிட்டு இறங்கியிருக்கிறார். எங்களுக்கென்று தண்ணீர்ப் போத்தலும் பேக்கரிப் பணிஸ் பையும் கையில் வைத்திருந்தார். அம்புலன்ஸ் நிற்காது என்று அவருக்கும் தெரியும். கையை உயர்த்தினார், அவ்வளவுதான். கண்ணாடிக்குள்ளால் நான் உயர்த்திய கை அவருக்குத் தெரிந்திருக்காது. பின்னால் வந்த யாழ்ப்பாண பஸ்ஸில் ஏறி, எங்களுக்குப் பின்னாலேயே வந்து சேர்ந்தார்.

யாழ்ப்பாணத்தில் ஒரு பெண் டொக்டர் எல்லாவற்றையும் திரும்பக் கேட்டா. மயக்க மருந்து கொடுப்பதற்கான கடதாசியில் மச்சாள் கையெழுத்து வைத்தாள். அவள் பேனையை அழுத்திய அழுத்தில் கடதாசி கிழிந்தது. பிள்ளையின் எடையைப் பார்த்தார்கள். சின்னப் பச்சைச் சட்டை போட்டார்கள். உள்ளே எடுப்பதற்கு முன்னர், குத்தி எங்கே நிற்கிறது என்று பார்க்க இன்னொரு படம் எடுக்கவேண்டும் என்று கொண்டுபோனார்கள்.

நாங்கள் மூவரும் சுவரோரமாக நின்றோம். கதிரை காலியாக இருந்தும் யாரும் இருக்கவில்லை. கட்டாரில் இருந்து மச்சாளின் புருசன் வீடியோவில் அழைத்தான். அவள் எடுக்கவில்லை. மறுபடி அழைத்தான். "சொல்லு, அவனும் தகப்பன்தானே" என்றார் கணவர். அவள் போனை அண்ணனின் கையில் வைத்துவிட்டாள். அவர் தள்ளிப்போய் நின்று பேசினார். என்ன சொன்னார் என்று தெரியாது. திரும்பி வந்து, "ஆர் குடுத்தது எண்டு அவன் கேக்கேல்லை" என்று மட்டும் தங்கச்சியிடம் சொன்னார்.

கதவு திறந்து டொக்டர் வந்தபோது எனக்கு அவவின் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"தாய் ஆர்?"

"நான்தாங்க."

"காசு இறங்கியிட்டுது. வயித்துக்குள்ள போயிட்டுது. குழாய் விடத் தேவையில்லை. பிள்ளைக்குப் பால் குடுங்கோ."

மச்சாளுக்கு விளங்கவில்லை. "எடுத்துட்டீங்களா?" என்று கேட்டாள்.

"இல்லை அம்மா. தானாக் கீழ இறங்கியிட்டுது. இனி மலத்தோட வந்திடும். இண்டைக்கு வார்ட்டில வச்சுப் பாப்பம்."

பிள்ளை குடித்த வேகத்தைச் சொல்ல வேண்டும். விக்கல் எடுத்து எடுத்துக் குடித்தது. ஒவ்வொரு விக்கலுக்கும் நாங்கள் மூவரும் ஒரே நேரத்தில் குனிந்தோம். மச்சாள் அழத் தொடங்கியது அப்போதுதான். எனக்குப் பிள்ளை இருந்தால் தெரிந்திருக்கும் என்று சொன்னதற்கு அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. கணவர் கொண்டுவந்த பணிஸை இரண்டாகப் பிய்த்து, பெரிய துண்டை என்னிடம் நீட்டினாள். வாங்கிச் சாப்பிட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு வேலை எங்களுக்கு மாறியது. ஒவ்வொரு பம்பர்ஸையும் கிணற்றடிக்குப் பின்னால் கொண்டுபோய், தண்ணீர் ஊற்றி, தடியால் கலைத்துப் பார்க்கவேண்டும். மச்சாள் லீவு போட்டிருந்தாள். இரண்டு பேரும் துணியால் மூக்கைக் கட்டிக்கொண்டு குந்தியிருப்போம். முதல்நாள் ஒன்றும் இல்லை. அடுத்த நாளும் இல்லை. குடலில் எங்கேயாவது சிக்கிவிட்டதோ என்று எனக்குப் பழையபடி பயம் ஏறியது. பிள்ளையின் வயிற்றைத் தடவித் தடவிப் பார்ப்பேன். சிரிக்கும். கூச்சம்.

வந்தபோது அதைக் கண்டது மச்சாள்தான். "அண்ணி" என்றாள். தடியால் ஒதுக்கினாள். சின்ன வட்டம், கறுத்துப்போய் இருந்தது. கழுவி, கொதிதண்ணீர் ஊற்றினேன். கணவர் பார்த்துவிட்டு, "உதுக்கு உங்கட குழுவில விலை இருக்கோ?" என்று கேட்டார். எங்கள் இருவருக்கும் அப்போது சிரிப்பு வரவில்லை. மச்சாள் குத்தியை எடுத்துக்கொண்டு தன் வீட்டுக்குப் போனாள். எறிந்தாளா, வைத்திருக்கிறாளா என்று நான் கேட்டதில்லை. இந்தியாவில் இருந்து வந்த நாளில் இருந்து அவளுடைய பர்ஸின் அடியில் கிடந்தது அது.

அன்றுதான் மன்னார்க் குத்தியின் நினைவு வந்தது. கையில் பொத்திக்கொண்டுதான் ஓட்டோவில் ஏறினேன். அதற்குப் பிறகு எங்காவது விழுத்தினேனா, சில்லறையோடு சில்லறையாக யாருக்காவது கொடுத்தேனா என்பது நினைவில்லை. பை முழுவதும் தேடினேன். இல்லை. குழுவில் மாற்றுக் கேட்டவருக்கு, தவறிவிட்டது என்று எழுதினேன். அவர் நம்பியிருக்கமாட்டார்.

கணவர் இப்போதும் சுருள்கள் கொண்டுவருகிறார். நானும் பார்க்கிறேன், பிள்ளை தாயோடு இருக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். கதவைப் பூட்டிக்கொண்டு, மேசையில் வைத்து. அந்தத் தராசைக் கொடுத்துவிட்டேன். கணவர் சுருளில் கைவைப்பதென்றால் முதலில் என்னிடம் சொல்லவேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். சொல்கிறார், சிலவேளை மறக்கிறார்.

லீவு முடிந்து மச்சாள் வேலைக்குப் போகத் தொடங்கிய காலை, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். தருவாளோ, வேறு யாரிடமாவது விடப்போகிறாளோ என்று அவளுடைய கையையே பார்த்தேன். ஆலை பஸ் சந்தியில் ஹாரன் அடித்தது. அவள் பிள்ளையின் வாயைத் திறந்து எனக்குக் காட்டினாள்.

"பாத்துக்குங்க. ஒண்ணும் இல்ல."

குனிந்து பார்த்தேன். கீழ் முரசில் புதிதாக ஒரு பல்லு வெள்ளையாகத் தெரிந்தது.

"ஓம், ஒண்டுமில்லை. போயிட்டு வாங்கோ," என்றேன்.

பிள்ளையைத் தந்துவிட்டு ஓடினாள். படலையடியில் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். நான் பிள்ளையை உள்ளே கொண்டுபோய், சோற்றைக் குழைத்து, விரல் நுனியில் எடுத்து ஊட்டினேன். ஒவ்வொரு வாய்க்கும் அதன் தொண்டை அசைந்து இறங்குவதைப் பார்த்த பிறகுதான் அடுத்ததை எடுத்தேன். சோறு ஆறிப்போய்விட்டது. பிள்ளை பொறுமையாக வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தது.